பேட்டரி டேங்குக்குச் சரியான பேட்டரி எது? மலைத்தோட்டக்காரர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

கொடைக்கானல் மேல்மலையில் பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி என எந்த ஊர்த் தோட்டத்துக்குப் போனாலும் இன்று மருந்தடிக்கப் பெரும்பாலும் பேட்டரி டேங்க்தான். பூண்டு, கேரட், உருளை, பீன்ஸ் எல்லாவற்றுக்கும் அதுவே. கீழ்மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் காப்பிக்கும் மிளகுக்கும் போர்டோ கலவை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த பூஞ்சைக்கொல்லி) அடிப்பவர்களும் இதைத்தான் முதுகில் மாட்டுகிறார்கள். கைப்பம்பை ஆட்டி ஆட்டித் தோள்பட்டை கழன்ற காலத்தைப் பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று தெரியும். ஆனால் டேங்கின் உயிர் அதன் அடியில் இருக்கும் பேட்டரியில் இருக்கிறது. ஒன்றிரண்டு வருடத்தில் அது சோர்ந்துவிடும். அப்போது வத்தலக்குண்டுக்கோ திண்டுக்கல்லுக்கோ கீழே இறங்கிக் கடையில் கேட்போம்:

"அண்ணே, மருந்து டேங்குக்குப் பன்னெண்டு வோல்ட் பேட்டரி ஒண்ணு குடுங்க."

"எட்டா, பன்னெண்டா தம்பி? ஈயமா, லித்தியமா?"

எட்டு, பன்னிரண்டு என்பது ஆம்பியர் ஹவரில் சொல்லும் கொள்ளளவு; ஈயம், லித்தியம் என்பது பேட்டரியின் வகை. இந்த இரண்டாவது கேள்வியில்தான் பலரும் நின்றுவிடுகிறார்கள். பன்னிரண்டு வோல்ட் என்ற ஒரே பெயரில் மூன்று வகையான பேட்டரி விற்கிறது. மூன்றுக்கும் சார்ஜர் வேறு, எடை வேறு, ஆயுள் வேறு. எது உங்கள் மெஷினுக்குப் பொருந்தும் என்பதைக் கடைக்காரர் சொல்ல முடியாது. மெஷினும் தோட்டமும்தான் சொல்லும். அதை வீட்டிலேயே ஒரு ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர், ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர், ஒரு அடிஸ்கேல் வைத்துக்கொண்டு எப்படிக் கண்டுபிடிப்பது என்று படிப்படியாகப் பார்ப்போம். மல்டிமீட்டர் இல்லாதவர்கள் சாதாரணமான ஒன்றை வாங்கி வையுங்கள். வீண் பேட்டரி ஒன்று வாங்குவதைத் தடுத்தாலே அதன் காசு திரும்பி வந்துவிடும்.

முதல் படி: போனது பேட்டரிதானா?

புதுப் பேட்டரி வாங்குவதற்கு முன் இதை உறுதி செய்யுங்கள். வேகம் குறைந்தால் உடனே பேட்டரி மேல் பழி போடுகிறோம். நாசிலில் சுண்ணாம்பு அடைத்திருந்தாலும், வடிகட்டியில் கசடு சேர்ந்திருந்தாலும், வயர் முனையில் பச்சை பூத்திருந்தாலும் இதே அறிகுறிதான் வரும். போர்டோ கலவை அடிக்கும் டேங்குகளில் இந்தப் பச்சை மிகவும் சகஜம். மயில்துத்தம் கலந்த தண்ணீர் ஒரு துளி கசிந்து உள்ளே போனாலே முனைகளை அரித்துவிடும்.

முதலில் டேங்கை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசுங்கள். மருந்து படிந்த மெஷினை வெறுங்கையால் கழற்ற வேண்டாம், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். டேங்கைக் கவிழ்த்து அடிமூடியின் ஸ்க்ரூக்களைக் கழற்றினால் பேட்டரி, மோட்டார், ஃப்யூஸ், சார்ஜிங் சாக்கெட் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். வயர் எப்படிப் போகிறது என்று போனில் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். பச்சையோ வெள்ளையோ பூத்த முனைகளை உப்புத்தாளால் தேய்த்துச் சுத்தம் செய்து, இறுக்கமாக மாட்டி, மேலே கொஞ்சம் வாசலின் தடவுங்கள். பல மெஷின்கள் இந்த இடத்திலேயே பிழைத்துக்கொள்ளும்.

அப்புறமும் வேகம் வரவில்லையா? பேட்டரியை முழுதாகச் சார்ஜ் செய்து, சார்ஜரைக் கழற்றி, சில மணி நேரம் சும்மா வையுங்கள். மல்டிமீட்டரை டி.சி. 20 வோல்ட்டில் வைத்து இரண்டு முனைகளிலும் பிடியுங்கள். ஈய பேட்டரி என்றால் 12.7 முதல் 13 வோல்ட் வரை காட்ட வேண்டும். இந்த அளவு மட்டும் போதாது. செத்த பேட்டரியும் சும்மா இருக்கும்போது 12.6 காட்டும். டேங்கில் தண்ணீர் ஊற்றி, சுவிட்சைப் போட்டு, கன்னை (மருந்து பீய்ச்சும் கைக்குழாயை) திறந்து பீய்ச்சவிட்டபடியே மீட்டரைப் பாருங்கள். 12.6இல் இருந்து 12.2 அல்லது 12க்கு இறங்கி அங்கேயே நின்றால் பேட்டரி நன்றாக இருக்கிறது, கோளாறு பம்பிலோ நாசிலிலோ இருக்கிறது. கண்ணெதிரே 11, 10.5, 9 என்று சரிந்தால் சந்தேகமே வேண்டாம், பேட்டரி முடிந்தது. சார்ஜரில் போட்ட சில நிமிடத்திலேயே சிவப்பு விளக்கு பச்சைக்கு மாறுவதும் இதே செய்திதான்: உள்ளே மின்சாரத்தைப் பிடித்து வைக்க இடமில்லை.

இரண்டாம் படி: பழைய பேட்டரியின் மேல் எழுதியிருப்பதைப் படிப்பது

கறுப்பாகவோ சாம்பல் நிறத்திலோ செங்கல் மாதிரி கனமாக இருந்தால் அது ஈய பேட்டரி. தண்ணீர் ஊற்றத் தேவையில்லாத, முழுதும் மூடிய வகை. நீல நிற பிளாஸ்டிக் உறை சுருங்கி ஒட்டியபடி, கையில் எடுத்தால் லேசாக, இரண்டு வயர் மட்டும் வெளியே வந்திருந்தால் லித்தியம்.

ஈய பேட்டரியில் "12V 8AH/20HR" என்பது போல அச்சிட்டிருக்கும். கடைசியில் உள்ள இருபது மணி நேரம் முக்கியம். எட்டு ஆம்பியர் ஹவர் என்பது 0.4 ஆம்பியர் வீதம் இருபது மணி நேரம் மெதுவாக எடுத்தால் கிடைக்கும் கணக்கு. நம் பம்பு அதைவிடப் பல மடங்கு வேகமாக இழுக்கும். வேகமாக இழுத்தால் ஈய பேட்டரி முழு எட்டையும் தராது. மருந்து டேங்கின் வேகத்துக்கு முக்கால் பங்கு, அதாவது ஆறு ஆம்பியர் ஹவர் கிடைக்கும் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள்.

பக்கவாட்டில் இன்னும் இரண்டு வரி இருக்கும். 'சைக்கிள் யூஸ்' என்ற தலைப்பில் 14.4 முதல் 15 வோல்ட் வரை, 'ஸ்டாண்ட்பை யூஸ்' என்ற தலைப்பில் 13.5 முதல் 13.8 வோல்ட் வரை என்று போட்டிருப்பார்கள். தினமும் காலி செய்து தினமும் ஏற்றுவது முதல் வகை. கம்ப்யூட்டர் யு.பி.எஸ்ஸில் மாதக்கணக்கில் நிறைந்தே கிடப்பது இரண்டாவது வகை. நமக்கு வேண்டியது முதல் வகைக்கான சார்ஜிங். அதே இடத்தில் 'இனிஷியல் கரண்ட்' என்று ஒரு எண் இருக்கும். எட்டு ஆம்பியர் ஹவர் பேட்டரியில் அது பெரும்பாலும் 2.4 ஆம்பியர் அளவில் இருக்கும். சார்ஜர் அதைத் தாண்டக் கூடாது.

மூன்றாம் படி: மூன்று வகையில் எது

ஈய பேட்டரி விலை குறைவு, எங்கும் கிடைக்கும், கொஞ்சம் முரட்டுத்தனமாகக் கையாண்டாலும் தாங்கும். குறை என்னவென்றால் கனம். எட்டு ஆம்பியர் ஹவர் சுமார் இரண்டரைக் கிலோ, பன்னிரண்டு ஆம்பியர் ஹவர் மூன்றரை முதல் நான்கு கிலோ. சமவெளியில் அது பெரிய விஷயமில்லை. பூம்பாறைப் படிக்கட்டு வயலில் பதினாறு லிட்டர் மருந்தோடு வரப்பு வரப்பாக ஏறி இறங்குபவருக்கு ஒவ்வொரு கிலோவும் முழங்காலில் தெரியும். முழுக்க முழுக்கக் காலி செய்து ஏற்றினால் பொதுவாக இருநூறு முதல் முந்நூறு தடவை வரை தாங்கும். பாதி மட்டும் காலி செய்து ஏற்றினால் அது ஏறக்குறைய இரட்டிப்பாகும்.

இரண்டாவது, சாதாரண லித்தியம் அயன். உள்ளே 18650 எனப்படும் உருளை செல்கள் இருக்கும். பதினெட்டு மில்லிமீட்டர் குறுக்களவு, அறுபத்தைந்து மில்லிமீட்டர் நீளம் என்பதே அந்த எண்ணின் பொருள். மூன்று செல்களைத் தொடராகக் கோத்தால் பெயரளவில் 11.1 வோல்ட், நிறைந்தால் 12.6, காலியானால் 9 வோல்ட் அளவு. எடை மிகக் குறைவு. 12 வோல்ட் என்று விற்றாலும், பாதிக்குக் கீழ் இறங்கியதும் வோல்டேஜ் பதினொன்றுக்குக் கீழே போவதால் பீய்ச்சும் வேகம் குறைவது தெரியும். நான்கு செல்லைத் தொடராகக் கோத்து 14.8 வோல்ட் என்று விற்பதும் உண்டு. அது நிறைந்தால் 16.8 வோல்ட்; 12 வோல்ட் மோட்டாருக்கு அதைப் போட்டால் முதலில் நன்றாகப் பீய்ச்சும், அப்புறம் மோட்டார் சூடேறித் தேயும். வேண்டாம்.

மூன்றாவது, லித்தியம் அயர்ன் பாஸ்பேட். சுருக்கமாக எல்.எஃப்.பி. நான்கு செல் தொடராக, பெயரளவில் 12.8 வோல்ட், முழுதாக ஏற்றும்போது 14.6 வோல்ட். ஈய பேட்டரிக்கு என்று செய்த மோட்டாருக்கு இந்த வோல்டேஜ் மிகப் பொருத்தம். கடைசி வரை ஒரே வேகத்தில் பீய்ச்சும், இரண்டாயிரம் தடவை அளவுக்கு ஏற்றி இறக்கலாம், சாதாரண லித்தியத்தைவிடத் தீப்பிடிக்கும் ஆபத்தும் குறைவு. விலை அதிகம். மருந்தடிப்பதே வாரத்தில் மூன்று நான்கு நாள் வேலை என்பவர்கள், கூலிக்கு மருந்தடிப்பவர்கள், யோசிக்காமல் இதற்குப் போகலாம். பத்து சென்ட் காய்கறித் தோட்டத்துக்கு மாதம் இருமுறை அடிப்பவருக்கு ஈயமே போதும்.

டேங்குக்குள் போடக் கூடாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்: பைக் பேட்டரி. 12 வோல்ட்தானே என்று சிலர் மாட்டிப் பார்க்கிறார்கள். ஆசிட் ஊற்றும் வகை என்றால் சரிவில் குனியும்போது முதுகில் ஆசிட் கொட்டும். மூடிய வகையும் வண்டியை ஸ்டார்ட் செய்ய ஒரு நொடி பெரிய கரண்ட் தருவதற்காகச் செய்தது. தினமும் அடிவரை காலி செய்தால் சீக்கிரம் சாகும்.

நான்காம் படி: மோட்டார் எவ்வளவு இழுக்கிறது

இதைப் பெரும்பாலானோர் செய்வதில்லை. ஆனால் சரியான அளவைச் சொல்வது இந்த ஒரு எண்தான். மல்டிமீட்டரின் சிவப்பு வயரை 10 ஆம்பியர் ஓட்டைக்கு மாற்றி, திருகியை டி.சி. 10 ஆம்பியருக்குத் திருப்புங்கள். பேட்டரியின் பிளஸ் முனையில் இருந்து சிவப்பு வயரைக் கழற்றி, அந்த இடைவெளியில் மீட்டரைச் சேருங்கள்: ஒரு முள் பேட்டரி முனையில், இன்னொன்று கழற்றிய வயரில். தண்ணீர் நிரம்பிய டேங்கில் சுவிட்சைப் போட்டு, வேகம் திருகும் குமிழ் இருந்தால் முழு வேகத்தில் வைத்து, கன்னைத் திறங்கள். சில வினாடிக்குள் எண்ணைப் படித்துவிட்டு அணையுங்கள். சின்ன மீட்டர்கள் 10 ஆம்பியர் ஓட்டையில் நீண்ட நேரம் தாங்காது.

ஒற்றை மோட்டார் டேங்க் பெரும்பாலும் இரண்டில் இருந்து நான்கு ஆம்பியருக்குள் காட்டும். டபுள் மோட்டார் கிட்டத்தட்ட அதன் இரு மடங்கு. கன்னை மூடினால் பிரஷர் சுவிட்ச் மோட்டாரை நிறுத்தி, எண் சுழியத்துக்கு வர வேண்டும். வராமல் மோட்டார் உறுமிக்கொண்டே இருந்தால் பிரஷர் சுவிட்ச் போயிருக்கிறது. அதை மாற்றாமல் எந்தப் பேட்டரி போட்டாலும் அரை நாளில் காலியாகும்.

அளந்து முடித்ததும் மீட்டரின் சிவப்பு வயரை உடனே பழைய வோல்ட் ஓட்டைக்கு மாற்றிவிடுங்கள். மறந்து அப்படியே வோல்ட் பார்க்கப் போனால் பேட்டரியின் இரண்டு முனையும் நேராகச் சேர்ந்துவிடும். மீட்டர் ஃப்யூஸ் எரியும், பொறி பறக்கும், லித்தியம் என்றால் இன்னும் மோசம்.

ஐந்தாம் படி: உங்கள் தோட்டத்துக்கு எத்தனை ஆம்பியர் ஹவர்

ஒரு வாளியில் கன்னைப் பிடித்து ஒரு நிமிடம் பீய்ச்சவிட்டு, எவ்வளவு தண்ணீர் சேர்ந்தது என்று அளந்து பாருங்கள். ஒரு லிட்டர் வந்ததாக வைத்துக்கொள்வோம். பதினாறு லிட்டர் டேங்க் பதினாறு நிமிடம் ஓடும். ஒரு நாளைக்குப் பத்து டேங்க் அடிப்பீர்கள் என்றால் 160 நிமிடம், அதாவது 2 மணி 40 நிமிடம். மோட்டார் இழுப்பது 2.5 ஆம்பியர் என்றால் தேவை சுமார் 6.7 ஆம்பியர் ஹவர்.

எட்டு ஆம்பியர் ஹவர் ஈய பேட்டரி இதற்குப் போதும் என்று மேலோட்டமாகத் தோன்றும். ஆனால் அதில் கிடைப்பது ஆறுதான் என்று பார்த்தோம். ஒன்பதாவது டேங்கிலேயே மூச்சு வாங்கும். தினமும் இப்படி அடிவரை உறிஞ்சினால் ஒரு சீசனில் பேட்டரியே போய்விடும். இந்தத் தோட்டத்துக்குப் பன்னிரண்டு ஆம்பியர் ஹவர் ஈயம் வேண்டும், அல்லது எட்டு ஆம்பியர் ஹவர் எல்.எஃப்.பி. போதும். எல்.எஃப்.பி.யில் எழுதியிருப்பதில் பத்தில் ஒன்பது பங்கை நம்பி எடுக்கலாம். ஆறு ஆம்பியர் ஹவர் எல்.எஃப்.பி.யும் எட்டு ஆம்பியர் ஹவர் ஈயமும் தோட்டத்தில் கிட்டத்தட்ட ஒரே நேரம்தான் ஓடும். லித்தியம் வாங்கும்போது பழைய எண்ணையே பிடித்துக்கொண்டு கூடுதல் காசு கொடுக்கத் தேவையில்லை.

லித்தியத்தில் இன்னொரு எண்ணும் கேளுங்கள்: உள்ளே இருக்கும் பி.எம்.எஸ். எனும் பாதுகாப்பு அட்டை எத்தனை ஆம்பியர் தாங்கும்? மோட்டார் கிளம்பும் நொடியில் ஓடும் கரண்ட்டைப் போலப் பல மடங்கு இழுக்கும். ஒற்றை மோட்டாருக்குப் பத்து ஆம்பியருக்குக் குறையாமல், டபுள் மோட்டாருக்குப் பதினைந்து இருபது அளவில் இருந்தால் நல்லது. அட்டை சின்னதாக இருந்தால், சுவிட்சைப் போட்டதும் 'விர்' என்று ஒரு சத்தம், அப்புறம் அமைதி. மறுபடி போட்டால் மறுபடி அதே. பேட்டரி கெட்டுவிட்டது என்று நினைப்போம். அது தன்னைக் காத்துக்கொள்ளத் துண்டித்துவிட்டது, அவ்வளவுதான்.

ஆறாம் படி: அளவும் முனையும்

அடிஸ்கேலை எடுங்கள். ஏழு, எட்டு ஆம்பியர் ஹவர் ஈய பேட்டரிகள் பெரும்பாலும் 151 மில்லிமீட்டர் நீளம், 65 அகலம், 94 உயரம். பன்னிரண்டு ஆம்பியர் ஹவருக்கு நீளமும் உயரமும் ஏறக்குறைய அதேதான், அகலம் மட்டும் 98 ஆகிவிடும். உங்கள் டேங்கின் அடிப்பெட்டியில் அந்த மூன்று சென்டிமீட்டர் கூடுதல் இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பன்னிரண்டுக்குப் போக வேண்டும். மூடி மூடவில்லையே என்று பிளாஸ்டிக்கை வெட்டினால் மழைத்தண்ணீரும் மருந்தும் உள்ளே இறங்கும்.

முனைகள் இரண்டு அகலத்தில் வரும். 4.75 மில்லிமீட்டர் தகடு எஃப்1, 6.35 மில்லிமீட்டர் தகடு எஃப்2. சின்ன முனைக்குப் பெரிய கிளிப்பை மாட்டினால் ஆடும், ஆடினால் சூடேறும், சூடேறினால் உருகும். கிளிப்பை மாற்றிக் கொறடால் இறுக்கிக்கொள்ளலாம், பத்து நிமிட வேலை. பிளஸ், மைனஸ் எந்தப் பக்கம் என்பதையும் பழையதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மாற்றி மாட்டினால் வோல்ட் காட்டும் மீட்டரும் வேகக் கட்டுப்பாட்டு அட்டையும் போய்விடக்கூடும்.

லித்தியம் பேக் சின்னதாக இருப்பதால் பெட்டிக்குள் ஆடும். சுற்றிலும் ஸ்பாஞ்ச் வைத்து அசையாமல் கட்டுங்கள். சரிவில் ஏறி இறங்கும்போது ஒவ்வொரு அடியிலும் அது இடித்துக்கொண்டிருந்தால் செல்களைச் சேர்த்த தகடு விட்டுவிடும்.

ஏழாம் படி: சார்ஜர்

இந்த ஒரு படியைத் தவறவிட்டால் மேலே செய்த எல்லாம் வீண். சார்ஜரின் முதுகில் 'அவுட்புட்' என்று இருக்கும் எண்ணைப் பாருங்கள். ஈய பேட்டரிக்கு 14.4 முதல் 15 வரை, மூன்று செல் லித்தியம் அயனுக்குச் சரியாக 12.6, எல்.எஃப்.பி.க்கு 14.6. சில சார்ஜரில் வெறுமனே 12 வோல்ட் என்று மட்டும் போட்டிருக்கும். அப்போது எதுவும் மாட்டாமல் பிளக்கின் முனையில் மல்டிமீட்டர் பிடித்துப் பாருங்கள்.

டேங்கின் சார்ஜிங் சாக்கெட் மூன்று வகைக்கும் ஒரே உருண்டைப் பின் என்பதுதான் இதில் பெரிய ஆபத்து. எது வேண்டுமானாலும் நுழையும். ஈயத்துக்கான சார்ஜரை மூன்று செல் லித்தியத்தில் செருகினால் ஒவ்வொரு செல்லும் 4.8 வோல்ட்டை நோக்கித் தள்ளப்படும். அது தாங்குவது 4.2. நடுவில் காப்பாற்ற இருப்பது அந்தச் சின்ன பி.எம்.எஸ். அட்டை ஒன்றுதான். அது கோளாறானால் பேக் வீங்கும், புகையும், எரியும். மறுபக்கம், 12.6 சார்ஜரை ஈயத்தில் போட்டால் எதுவும் எரியாது. ஆனால் பேட்டரி ஒருநாளும் நிறையாது, உள்ளே தகடுகளில் உப்புப் படிந்து மெல்லச் செத்துப்போகும். எல்.எஃப்.பி.யில் போட்டாலும் நிறையாது.

வீட்டில் இரண்டு வகை டேங்க் இருந்தால் சார்ஜர்களுக்கு வண்ண டேப் ஒட்டிவிடுங்கள், டேங்கின் சாக்கெட் பக்கத்திலும் அதே வண்ணம். படிக்கத் தெரியாத பாட்டியும், அவசரத்தில் இருக்கும் பையனும் மாற்றிச் செருகாமல் இருக்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை.

ஒரு ஆம்பியர் சார்ஜரில் எட்டு ஆம்பியர் ஹவர் ஈய பேட்டரி காலியில் இருந்து நிறைய சுமார் பத்து மணி நேரம் ஆகும். 1.7 ஆம்பியர் சார்ஜர் என்றால் ஆறு மணி நேரம் போல.

கடையில் கவனிக்க வேண்டியவை

கைப்பையில் மல்டிமீட்டரைப் போட்டுக்கொண்டு போங்கள். புது ஈய பேட்டரி 12.6 வோல்ட்டுக்குக் குறையாமல் காட்ட வேண்டும். 12.4க்குக் கீழே என்றால் அது அலமாரியில் நெடுநாள் தூங்கியது, வேறொன்று கேளுங்கள். யு.பி.எஸ் பேட்டரியும் இதே அளவில், இதே முனையோடு இருக்கும். அவசரத்துக்கு ஓடும், ஆனால் தினமும் காலி செய்யும் வேலைக்கு நீடிக்காது. மருந்து டேங்குக்கு என்று சொல்லி, சைக்கிள் யூஸ் வரி அச்சிட்டதாகப் பார்த்து வாங்குங்கள்.

லித்தியத்தில் ஏமாற்று அதிகம், அதைப் பிடிக்கத் தராசு போதும். 18650 செல் ஒன்று எவ்வளவு நல்லதாக இருந்தாலும் 3.5 ஆம்பியர் ஹவரைச் சுற்றித்தான் அதன் உச்சம். எடை ஒன்றுக்கு 45 முதல் 50 கிராம். 12 வோல்ட் 12 ஆம்பியர் ஹவர் என்று எழுதினால், மூன்று தொடர், ஒவ்வொன்றிலும் குறைந்தது நான்கு செல், ஆகப் பன்னிரண்டு செல் உள்ளே இருக்க வேண்டும். செல்லின் எடை மட்டுமே 540 கிராமுக்கு மேல் வரும். பக்கத்து மளிகைக்கடைத் தராசில் வைத்து அந்தப் பேக் 300 கிராம் காட்டினால், மேலே ஒட்டிய ஸ்டிக்கர் பொய். வாங்காமல் வந்துவிடுங்கள்.

குளிருக்கு என்ன செய்வது

மேல்மலையில் டிசம்பர், ஜனவரி விடியலில் புல்லெல்லாம் வெள்ளையாக உறைபனி பூத்துக் கிடக்கும். கொடைக்கானலிலேயே ஏரிப் பக்கமும் ஜிம்கானா பக்கமும் அப்படித்தான். கீழே இருந்து வரும் பேட்டரிகளின் கணக்கெல்லாம் 25 டிகிரி வெப்பத்தில் போட்டது. சுழிய டிகிரியில் ஈய பேட்டரி தன் கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்கு போலக் குறைத்துத்தான் தரும். சமவெளியில் பத்து டேங்க் அடிக்கும் பேட்டரி இங்கே மார்கழிக் காலையில் எட்டோடு நிற்பதற்கு அதுவே காரணம், பேட்டரியில் குறையில்லை. எனவே ஐந்தாம் படியில் கிடைத்த எண்ணோடு மேல்மலைக்காரர்கள் கால் பங்கு கூட்டிக்கொள்ளுங்கள். தாண்டிக்குடி, பண்ணைக்காடு போன்ற இளஞ்சூட்டுப் பகுதிகளுக்கு அந்தக் கூட்டல் தேவைப்படாது.

லித்தியத்தில் கவலை வேறு. உறைநிலைக்குக் கீழே லித்தியம் பேட்டரியைச் சார்ஜ் செய்யவே கூடாது. உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து, கொள்ளளவும் போகும், பிற்பாடு உள்ளுக்குள் ஷார்ட் ஆகும் ஆபத்தும் வரும். குளிரில் அதைப் பயன்படுத்தலாம், ஏற்றத்தான் கூடாது. பனிக்காலத்தில் தோட்டத்து ஷெட்டில் இரவெல்லாம் சார்ஜில் போடாமல், வெயில் வந்த பிறகு வீட்டுக்குள் கொண்டுவந்து போடுங்கள். அடுப்பங்கரையில் வைத்துச் சூடேற்ற வேண்டாம். எந்த வகையானாலும் படுக்கிற அறையிலும், வைக்கோல், சாக்கு அடுக்கிய இடத்திலும் சார்ஜ் வேண்டாம். ஈய பேட்டரி சார்ஜ் ஆகும் அறையில் ஜன்னல் திறந்திருக்கட்டும்.

சீசன் முடிந்து மெஷினை மூலையில் வைக்கும்போது இரண்டுக்கும் நேர் எதிரான பழக்கம் வேண்டும். ஈயத்தை முழுதாக நிரப்பி வைத்து, இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மீண்டும் நிரப்புங்கள். காலியாக வைத்தால் திரும்ப எழுந்திருக்காது. லித்தியத்தைப் பாதி அளவில் வைத்து, வயரைக் கழற்றி, காய்ந்த இடத்தில் வையுங்கள்.

கழித்துப்போட்ட பேட்டரி

ஈய பேட்டரியைப் புதிது வாங்கும் கடையிலேயே கொடுத்தால் எடைக்குக் காசு கழிப்பார்கள், பேரம் பேசிக் கேளுங்கள். லித்தியத்துக்குப் பெரும்பாலும் காசு கிடைக்காது. ஆனாலும் திருப்பிக் கொடுங்கள். 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பேட்டரி தயாரிக்கும், இறக்குமதி செய்யும் நிறுவனங்களே பழையதைத் திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்யப் பொறுப்பு. அதை வீட்டுக்குப்பையோடு சேர்க்காமல் ஒப்படைப்பது நம் பொறுப்பு. மலையில் ஓடைக்கரையில் எறிந்தால் ஈயம் கீழே இருப்பவர்களின் குடிதண்ணீருக்குப் போகும். வீங்கிய லித்தியம் பேக்கைச் சார்ஜ் செய்து பார்க்காதீர்கள், குத்தாதீர்கள், பிரிக்காதீர்கள். வயர் முனைகள் இரண்டையும் தனித்தனியாக இன்சுலேஷன் டேப்பால் சுற்றி, ஒரு பழைய மண்சட்டியில் மணல் போட்டு அதில் வைத்து, வீட்டுக்கு வெளியே கூரை இருக்கும் இடத்தில் வையுங்கள். அடுத்த முறை கீழே இறங்கும்போது கையோடு எடுத்துப்போய்க் கொடுத்துவிடலாம்.